ஏழாம் அத்தியாயத்தில் அம்மா

மார்ச் 3, செவ்வாய்

தலைமை ஆசிரியையின் குரலில் பள்ளி ஒலிபெருக்கியில் "நாளை விடுமுறை" என்று அறிவித்தேன். பாதிப் பள்ளி நம்பிவிட்டது. பள்ளியிலிருந்து என்னை நீக்கவிடாமல் காப்பாற்றிய நூலகர் அக்கா தந்த தண்டனைதான் இது: பழைய புத்தகங்களை வாசித்துப் பதிவுசெய்து, யாரும் இலவசமாகக் கேட்க இணையத்தில் போடும் தன்னார்வலர் கூட்டத்தில் சேர்வது. எனக்கு வாய்த்தது எறும்புகளைப் பற்றிய தடிப் புத்தகம். எழுதியவர் போய் நூறு வருஷம் இருக்கும். காப்புரிமை போனால் காப்பி உரிமை வரும்.

ஸ்டுடியோ என் துணி அலமாரி. தொங்கும் துணிகள் எதிரொலியைக் குடித்துவிடும். என்னை வேகவைத்துவிடும்.

அம்மா சலவைக் கடையில் இஸ்திரி போட்டபடி ஒரு அத்தியாயம் விடாமல் கேட்கிறாள். "ராணி எறும்புக்கும் உன் வாய்க்கும் ஓய்வே இல்லடி" என்றாள். பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

மார்ச் 7, சனி

ஏழாவது முடிந்தது. பதிவைப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பிழை சொல்ல எங்கோ ஒரு பெரியவர் இருக்கிறார். நான் வைத்த பெயர் கழுகுக் காதர். ஒவ்வொரு அத்தியாயத்திலும் மெல்லிசாக ஒரு மியாவ் ஒளித்துவைப்பேன். ஒவ்வொரு முறையும் "பூனையை நீக்கவும்" என்று எழுதிவிடுவார். இந்த முறை பக்கம் புரட்டும் சத்தத்துக்கு அடியில் வைத்திருக்கிறேன். மற்ற சத்தங்களைச் சுத்தம் செய்யாமலே அனுப்பியாயிற்று. சோம்பலும் ஒரு கலை.

மார்ச் 9, திங்கள்

காதரின் குறிப்பு: "பூனை கிடைத்தது. அதற்குச் சற்று முன்னால், தண்ணீர் குடிக்க நீ நிறுத்திய இடத்தில், வேறொரு குரல் இருக்கிறது. தனியாக உட்கார்ந்து கேளம்மா. நீயே வெட்டி அனுப்பு. நான் யாரிடமும் சொல்ல மாட்டேன்."

எதைச் சொல்ல மாட்டார்?

ஹெட்போன் மாட்டி, சத்தத்தைக் கூட்டினேன். அலமாரிக்குப் பின்னால் குளியலறைச் சுவர். சுவருக்கு அப்பால் அம்மா, சித்தியோடு போனில்.

"சதையை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பியிருக்காங்க. வெள்ளிக்கிழமை தெரிஞ்சிரும்... இல்ல, மார்புல, இடது பக்கம்... வலியே இல்லடி, அதான் பயமா இருக்கு... சின்னக்குட்டிக்குத் தெரிய வேணாம். அது சிரிச்சுக்கிட்டுத் திரியட்டும்."

அது. நான்தான் அது.

மார்ச் 10, செவ்வாய்

எழுத வரவில்லை.

மார்ச் 11, புதன்

"ஏழாவது எங்கடி? எறும்பெல்லாம் லீவா?"

"ஸ்ட்ரைக்மா. சர்க்கரை பத்தலையாம்."

சிரித்தாள். சிரிக்கும்போது இடது கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்கிறாள். எப்போதிலிருந்து? இவ்வளவு நாளும் நான் எங்கே பார்த்துக்கொண்டிருந்தேன்?

அந்தத் துண்டை அழிக்க மறுபடி மறுபடி உட்கார்ந்தேன். விரல் வரவில்லை. அழிச்சுட்டு, அப்புறம் ஏதாவது ஆச்சுன்னா, அந்தக் குரல்கூட — சீ. என்னத்த எழுதுறேன். நிறுத்துடி.



மார்ச் 12, வியாழன்

சாப்பிடும்போது அம்மா சொன்னாள்: "நாளைக்கு எனக்கு வெளிய ஒரு வேலை இருக்கு. சாவி எடுத்துக்கிட்டுப் போ."

ஏதாவது நக்கலடித்திருக்க வேண்டும். வாயைத் திறந்தால் அழுகை முந்திக்கொள்ளும் போலிருந்தது. எழுந்து போய் ஹெட்போனைக் கொண்டுவந்து அவள் தலையில் மாட்டி, அந்த இடத்தை ஓடவிட்டேன். புது அத்தியாயம் என்று நினைத்து முதலில் சிரித்த முகமாகக் கேட்டாள். பிறகு என்னைப் பார்க்கவே இல்லை. கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"மெதுவாத்தானே பேசினேன்."

"மைக்குக்கு அது தெரியாதும்மா."

"எப்ப கேட்ட?"

"திங்கக்கிழமை."

"அடிப்பாவி. இத்தனை நாளா என்கிட்ட ஜோக்கடிச்சுக்கிட்டா இருந்த?"

"நீ மட்டும் என்ன பண்ணிக்கிட்டு இருந்த?"

அம்மா தட்டை ஓரமாக நகர்த்தினாள்.

"நாளைக்கு நானும் வரேன்."

"ஸ்கூலு?"

"ஹெச்.எம். குரல்ல எனக்கு நானே லீவு குடுத்துக்கறேன்."

அடிக்கக் கையை ஓங்கினாள். ஓங்கிய கை என் தலையிலேயே தங்கிவிட்டது.

மார்ச் 13, வெள்ளி

டாக்டர் பேசுவதற்கு முன் தன் நாற்காலியை எங்கள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். அப்போதே தெரிந்துவிட்டது. அம்மாவின் கை என் கைக்குள் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும், கப்பல் வேலையில் இருக்கும் அப்பாவுக்கு அம்மாவே போன் செய்தாள். குளியலறைக்குப் போகவில்லை. கூடத்தில், என் முன்னாலேயே.

மார்ச் 16, திங்கள்

ஏழாவதைச் சுத்தம் செய்து அனுப்பினேன். பூனையையும் எடுத்துவிட்டேன். அம்மாவின் துண்டு தனியாக என்னிடம் இருக்கிறது.

காதர் "சரி" என்று எழுதினார். கொஞ்ச நேரம் கழித்து, "வீட்டில் எப்படி?"

என்ன எழுதுவது? "பயமாக இருக்கிறது" என்று எழுதினேன். யாரிடமும் சொல்லாத வார்த்தை, முகம் தெரியாத ஒரு காதுக்குப் போனது.

ஏப்ரல் 7, செவ்வாய்

மருந்தேற்றும் அறை. வரிசையாகச் சாய்வு நாற்காலிகள். அம்மாவுக்குத் தலையில் எதை மாட்டினாலும் குமட்டுகிறது. "நேரா படிடி" என்றாள். மைக் இல்லை, அலமாரி இல்லை. எட்டாவது அத்தியாயத்தை அவள் காதருகே முணுமுணுத்தேன்.

பக்கத்து நாற்காலிப் பெரியம்மா கண்ணைத் திறக்காமலே, "பாப்பா, சத்தமா படி. பாதி எறும்பு இங்க வந்து சேரல" என்றார். நர்ஸ் அக்கா டிவியை அணைத்தார்.

சத்தமாகப் படித்தேன். குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. வெட்ட முடியாது, அப்படியே போனேன். பக்கம் முடியும்போது பார்த்தால் அம்மாவின் கண்கள் மூடியிருந்தன. முகம் வெளுத்திருந்தது. நிறுத்தினேன்.

"எறும்புங்க வீடு மாத்துற எடத்துல போய் நிறுத்துறியே" என்றாள், கண்ணைத் திறக்காமல். "முட்டையெல்லாம் தூக்கிட்டாங்களா இல்லையா?"

விட்ட வரியிலிருந்து படித்தேன்.