ஆளில்லாத குடை

மழை வேண்டி நிற்கும் செம்பாறை நாட்டின் அரசி, கல்லரணும் கற்சுனையும் உடைய கோட்டையின் தலைவி, ஏழு தலைமுறை வெண்குடையின் உரிமையாட்டி, உலகுடை நாச்சியார் திருமுன்னர், அமைச்சன் கீழையூர்ச் சேந்தன் தூவற்பாக்கத்திலிருந்து வணங்கி வரையும் ஓலை. அரசியின் சுனையில் நீர் ஊறுக. இவ்வோலை வந்து சேரும்வரை கோட்டைக்குள் ஒவ்வோர் உயிரும் நிலைத்திருக்க.

மெய்க்கீர்த்தியை முழுவதும் எழுதவில்லை, பொறுத்தருள்க. இவ்வூரில் பனையோலை ஈரம் குடித்து நெகிழ்கிறது. எழுத்தாணி கீறுவதற்குப் பதில் கிழிக்கிறது. அடுப்பின் மேல் காயவைத்த சில ஏடுகளே கைவசம் உள்ளன. ஆகவே வேண்டியதை மட்டும் எழுதுகிறேன்.

இவ்வோலைக்கு முன்னரே மெய்க்காவல் தலைவன் பூதன் திருமுன் வந்து நின்றிருப்பான். குடை கறைபட்டது என்றும், அமைச்சன் துரோகி என்றும் சொல்லியிருப்பான். பூதன் பொய் சொல்பவன் அல்லன். அவன் கண்டதையே நானும் கண்டேன். அவன் திரும்பிய பின் நடந்தவற்றையும் நான் கண்டேன் என்பது ஒன்றே வேறுபாடு.

அரசி அறிந்ததை அரசிக்கே எழுதுவது முறையன்று. ஆயினும் இவ்வோலை அவையில் உரக்க வாசிக்கப்படும். அங்கே அறியாதவரும் இருப்பர். மூன்றாண்டாகச் செம்பாறையில் மழை இல்லை. சுனை சேறாயிற்று. நீரைச் சிரட்டையால் அளந்து கொடுக்கிறோம். அரசியும் அதே சிரட்டையால் அளந்ததையே குடிக்கிறார், இதை நாடறியும். மேற்கு மலைக்கு அப்பால், மழை ஓயாத கடற்கரையில், தூவற்பாக்கம் என்று ஒரு சிற்றூர் உண்டு, குடிகளோடு அங்கே பெயர்வோம் என்று அவையில் நான் சொன்னேன். பாதிப்பேர் ஒப்பினர், பாதிப்பேர் மறுத்தனர். பாறையை விட்டு இறங்கிய பின் செம்பாறையின் அரசி என்று எவளைச் சொல்வார்கள் என்று அரசி வினவினார். அவை அத்தோடு கலைந்தது.

பின்னர் நல்ல நாளில் நாட்கோள் நிகழ்ந்தது. அரசர் புறப்பட மனம் துணியாதபோது, அவருக்கு முன்பாக அவர் குடையை நல்ல பொழுதில் அனுப்பிவைப்பது நம் மரபு. குடை புறப்பட்டால் அரசர் புறப்பட்டதாகவே கொள்வர். குடையோடு நானும், பூதனும், குடைபிடிப்போனும், வீரர் சிலரும் வந்தோம். எங்களுக்குப் பின்னால் மேற்கு வாயில் அடைக்கப்பட்டது. அரசி முடிவு செய்யும்வரை ஒரு குடியும் வெளியேறலாகாது என்று ஆணை பிறந்தது.

கணவாயை இறங்கியதும் மழை தொடங்கியது. இடி இல்லை, மின்னல் இல்லை, ஓய்வும் இல்லை. நாங்கள் மரபு பிறழாமல் நடந்தோம். நடுவில் வெண்குடை. அதன் கீழே அரசி நடக்க வேண்டிய இடம், வெறுமையாக. சுற்றிலும் நாங்கள், தலைமுதல் கால்வரை நனைந்தவாறு. ஊர் எல்லையில் படகுக் கொட்டகைக்குள் வலை பின்னிக்கொண்டிருந்த பெண்கள் எங்களைக் கண்டு எழுந்தனர். வணங்குவதற்கு என்று எண்ணினேன். கேட்டதைக் கேட்டபடி எழுதுக என்பது அரசி எனக்கு இட்ட கட்டளை, எழுதுகிறேன்.

“ஏட்டி, அங்க பாரு. ஆளில்லாத எடத்துக்குக் கொட புடிச்சிட்டு, ஆளுவ எல்லாம் நனஞ்சிட்டு வாரானுவ” என்றாள் ஒருத்தி.

“உள்ள சாமி வருதாயிருக்கும்” என்றாள் மற்றவள்.

“சாமிக்குச் சளி புடிக்குமாக்கும்” என்றாள் முதலாமவள்.

பூதன் பல்லைக் கடித்தான். நான் நடக்கச் சொன்னேன்.

அப்போது சந்திலிருந்து ஒருத்தி ஓடிவந்தாள். மீன் விற்பவள், பெயர் பவளாயி என்று பின்னர் அறிந்தேன். இடுப்பில் காய்ச்சல் கண்ட பெண்குழந்தை. கையிலிருந்த தாழங்குடையைக் கடற்காற்று பிய்த்திருந்தது. எங்களைப் பார்த்தாள். குடையின் கீழிருந்த வெற்றிடத்தைப் பார்த்தாள். உள்ளே வந்து நின்றாள்.

பூதன் வாளை உருவினான்.

“என்ன அண்ணாச்சி, கத்தியக் காட்டுதீரு? எடம் சும்மாத்தான கெடக்கு?” என்றாள் அவள். பிறகு குடைபிடிப்போனை நோக்கி, “இந்தப் பக்கமா சரிச்சுப் புடியும். புள்ளைக்க காலு நனையுது” என்றாள்.

குடையடியில் உரிமையின்றி நிற்பவருக்குக் கொலைத்தண்டம் என்பது நம் சட்டம். பூதன் அதைச் சொன்னான், சரியாகவே சொன்னான். குடைபிடிப்போன் என் முகத்தைப் பார்த்தான். கொட்டகையில் சிரிப்பு நின்றது. பெண்களில் ஒருத்தி வலைக்கத்தியைக் கையில் எடுத்தாள். குழந்தை விழித்துப் பூதனின் வாளைப் பார்த்தது. மழை வாளின் மேல் ஓடிக்கொண்டிருந்தது.

குடையைச் சரிக்கச் சொன்னேன்.

அவளை வீட்டில் விடும்வரை குடை உடன் சென்றது. கோட்டை வாயில்களில் மட்டுமே நுழைந்து பழகிய குடை, மீன்செதில் கிடந்த சந்தில் நுழைந்து, தாழ்ந்த கூரையில் இடித்து நின்றது. பட்டு ஒருபுறம் கிழிந்தது. பவளாயி வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தாள். “நல்ல கொடதான். மழைக்குத்தான் ஆவாது” என்றாள்.

வாளை உறைக்குள் இடுமாறு பூதனுக்குக் கட்டளையிட்டேன். அவன் இட்டான். பின்பு குதிரையேறிக் கோட்டைக்குத் திரும்பினான். நான் தடுக்கவில்லை.

மறுநாள் ஊரார் கொட்டகையில் கூடினர். தண்டல் சங்கன் என்பவர் அவர்களுக்குத் தலைவர். பெரிய படகை நடத்துபவர். இவ்வூர் நம் ஆட்சிக்கு உட்பட்டது என்று நம் கல்வெட்டு கூறுகிறது. இவர்களுக்கு அது தெரியாது. தெரிவிக்க நான் முற்படவில்லை.

எத்தனை பேர் வருவீர்கள் என்று சங்கன் கேட்டார். சொன்னேன். பின்னால் இருந்த ஒருவன், “அம்புட்டுப் பேரும் வந்தா நாங்க கடலுக்குள்ளதான் நிக்கணும்” என்றான். மற்றொருவன், “நீ இப்பவும் அங்கதான நிக்க, மீனு மட்டும் வரல்ல” என்றான். சிரித்தார்கள். சங்கன் சிரிக்கவில்லை.

வாளைப் பற்றிப் பேச்சு வந்தது. மழையில் குடை வைத்திருப்பவர், அருகே வருபவரை உள்ளே விட வேண்டும் என்பது இவ்வூர் வழக்கம். குடையை இழுத்துக்கொண்டவருக்கு ஊருக்குள் மனையிடம் கொடுப்பதில்லை. அன்று நான் குடையை விலக்கியிருந்தால் நாம் இரந்து நின்றும் இடம் கிடைத்திருக்காது. இதை நான் முன்னறிந்து செய்யவில்லை. குழந்தையின் கால் நனைந்தது; அதைக் கண்டு செய்தேன்.

முடிவில் சங்கன் ஊராருக்காகச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “வரட்டும். மேட்டுல தாழங்காட்டை வெட்டித் தாரோம். குடிச கெட்டுங்க. ராணியும் வரட்டும், நனையாமப் பாத்துக்கிடுதோம். ஆனா ஒண்ணு. நாங்க நனைய, அவிய மட்டும் நனையாம இருக்கணும்னு சொல்லப்பிடாது.”

இனி ஊரின் குறைகள். மறைத்தால் நான் அமைச்சன் அல்லேன். துணி உலர்வதில்லை. நெல் பூசணம் பிடிக்கிறது. இருமல் இல்லாத வீடு இல்லை. விளைநிலம் குறைவு, முதலாண்டு மீனும் கிழங்குமே உணவு. நம் யானைகள் இந்தச் சேற்றில் பிழைக்க மாட்டா; அவற்றை மலையடியில் விட வேண்டும். நம் முன்னோரின் நடுகற்களைச் சுமந்துவர முடியாது. சுமந்து வந்தாலும் பாசி அவர்கள் பெயரை மூடிவிடும். குடைநிழல் என்று நாம் பெருமையோடு சொல்லும் சொல்லுக்கு வெயில் விழாத இவ்வூரில் பொருள் இல்லை.

நிறை ஒன்றே. நீர் உண்டு. வந்த முதல் நாள் பவளாயி ஒரு செம்பு நீர் கொடுத்தாள். நான் பழக்கத்தால் பாதி குடித்துவிட்டுச் செம்பைப் பின்னால் நின்ற வீரனிடம் நீட்டினேன். அவனும் பாதியில் நிறுத்தி அடுத்தவனிடம் கொடுத்தான். அவள் எங்களை மாறி மாறிப் பார்த்து, உள்ளே போய்க் குடத்தையே கொண்டுவந்து வைத்தாள். வீரர்கள் தலையைத் திருப்பிக்கொண்டனர்.

இன்று கோட்டையிலிருந்து ஆள் வந்தான். மேற்கு வாயிலின் உட்புறத்தில் மக்கள் குடங்களோடு திரண்டிருப்பதாகவும், வெயிலில் முதியோர் விழத் தொடங்கியதாகவும், வாயிற்காவலன் மாறன்காரி ஆணை இல்லாமல் தாழ் திறக்க முடியாதென்று அழுததாகவும் சொன்னான். என் மனையாளும் அக்கூட்டத்தில் இருக்கிறாள். இதை மறைத்தால் ஓலை பொய்யாகும்.

கணவாயில் கருவாற்றைக் கடக்கும் துறையை அரசி இளமையில் கண்டிருக்கிறார். துறையின் நடுவே யானை படுத்ததுபோல் ஒரு பாறை உண்டு. அது முழுதும் மூழ்கினால் மழைக்காலம் முடியும்வரை யாரும் கடக்க இயலாது. நாங்கள் வந்தபோது முதுகு தெரிந்தது. நேற்று அனுப்பிய ஆள் மத்தகம் மட்டும் தெரிவதாகச் சொன்னான். மழை இன்னும் பெய்கிறது.

அரசி முடிவு செய்யட்டும் என்று காத்திருக்க எனக்கும் விருப்பமே. ஆறு காத்திராது.

ஆகவே ஒன்று செய்தேன். அரசியின் பாட்டனார் வகுத்த விதி அரசிக்குத் தெரியும். நாட்கோளில் குடை சென்ற இடமே அரசிருக்கை. அங்கிருந்து, குடையோடு செல்லும் குடைமுத்திரை இட்டு வரும் ஆணை அரசாணை. அதை மாற்ற விரும்புபவர் குடையடியில் நின்றே மாற்ற வேண்டும். அரசர் தொலைவில் இருக்கையில் அரண்மனைக்குள் எவரும் அவர் பெயரால் ஆணையைப் புரட்டாதிருக்க அவர் அதை வகுத்தார். நான் அதை இதற்குப் பயன்படுத்துவேன் என்று அவர் நினைத்திருக்க மாட்டார். மேற்கு வாயிலைத் திறந்து குடிகளைக் கணவாய்க்கு அனுப்புக என்று குடைமுத்திரை இட்ட ஆணை மாறன்காரிக்கு நேரே செல்கிறது. இவ்வோலை திருமுன் வாசிக்கப்படும்போது தாழ் திறந்திருக்கும்.

குடை கறைபட்டதால் முத்திரை செல்லாது என்று பூதன் சொல்வான். குடையடியில் நின்றவரைத் தண்டிக்கச் சட்டம் உண்டு. அதனால் குடை செத்தது என்று சொல்லச் சட்டம் இல்லை. ஏடுகளைப் பார்க்கச் சொல்க. அந்தத் தண்டத்தையும் அரசி குடையடியில் நின்றே விதிக்க வேண்டும்.

எனவே என் ஆணையைப் புரட்டவும், பவளாயிக்குத் தண்டம் விதிக்கவும், என் தலையை வாங்கவும், மூன்றுக்கும் அரசி இங்கே எழுந்தருள வேண்டும். வேறு வழி விதியில் இல்லை. குடிகளோடு வந்தால் ஆற்றைக் கடக்கலாம். தனியே பின்னர் வர நினைத்தால் யானைப்பாறை இராது.

அவையில் அரசி வினவியதற்கு அன்று நான் விடை சொல்லவில்லை. இன்றும் அறியேன். பாறையில் நின்றவளைச் செம்பாறையின் அரசி என்றார்கள். இங்கே இறங்குபவளை என்னவென்று அழைப்பார்கள் என்பதை இவ்வூராரும் நம் குடிகளும் சேர்ந்துதான் சொல்ல வேண்டும். சொல்வதற்கு அவர்கள் உயிரோடு இருக்க வேண்டும்.

ஓலை கொண்டுவருபவன் ஒரு தாழங்குடையும் கொண்டுவருகிறான். பவளாயி முடைந்தது. கூலி வேண்டாம் என்றாள். யாருக்கு என்று கேட்டாள். சொன்னேன். அப்படியானால் கொஞ்சம் அகலமாக முடைய வேண்டும் என்று பிரித்து மீண்டும் முடைந்தாள். இதில் இருவர் நிற்கலாம்.

கிழிந்த வெண்குடையையும் அவளே தாழைமடலால் ஒட்டுப்போட்டாள். படகுக் கொட்டகையின் முன் அதை நட்டிருக்கிறோம். அரசியின் இடம் அரசிக்கே இருக்கிறது. மழை வலுக்கும்போது மட்டும் யாராவது வந்து நிற்கிறார்கள். அரசி வந்தால் நகர்ந்து இடம் கொடுப்பார்கள்.

குடை நின்ற இடத்தில், குடைமுத்திரை இட்டு, சேந்தன் தன் கையால் எழுதினேன். அரசி நலமுடன் ஆறு கடக்க. ஆணைக்குக் காத்திருக்கிறேன், இங்கேயே.