செவலைக்கு நோயில்லை

கட்டுகஸ்தோட்டை,
1934, பாஸ்காத் திருநாள் முடிந்த வாரம்.

எவ்வளவு கோபம் வந்தாலும் முதலில் சோற்றைப் போட்டுவிட்டுப் பிறகு பேசுகிற என் லூர்தம்மாளுக்கு,

இந்தத் தடவையும் முழுவதையும் கேட்டுவிட்டுத் திட்டு. உன் செவலைக் கோழியை நான் கொன்றுவிட்டேன்.

நீ போனபின் வந்த முதல் தபசுகாலம். நாற்பது நாளும் இறைச்சி, முட்டை கிடையாது என்பதுதானே நம் வீட்டு வழக்கம். சாப்பிடாத முட்டையை எடுப்பானேன் என்று தீனியை மட்டும் முற்றத்தில் எறிந்துவிட்டு, கூட்டுப் பக்கமே எட்டிப் பார்க்காமல் இருந்தேன். பெரிய பக்திமான் என்று நினைப்பு எனக்கு.

பாதிக் காலத்தில் செவலை தீனிக்கு வரவில்லை. கூட்டுக்குள் இறகைச் சிலுப்பிக்கொண்டு முடங்கிக் கிடந்தது. கொண்டை வெளுத்திருந்தது. அடுத்த நாள் கறுப்பியும் அப்படியே. ஹந்தானையிலிருந்து வந்திருந்த அக்கா, "நோவு கண்டுருச்சுடா. இன்னைக்கே அறுத்துப் பொதைச்சுரு. இல்லாட்டி ஒன்னுகூட மிஞ்சாது" என்றாள். முதலில் செவலையை அறுத்தேன்.

கறுப்பியைப் பிடிக்கப் போனபோது அடுத்த வீட்டு சுபைதா உம்மா வேலியோரம் வந்தார்.

"லூர்து இருக்கயில உங்கட நோன்பு நாள்லயும் விடியக்கால முட்டைய எடுத்து எனக்குத் தருவா. இந்த வருசம் ஒண்டும் வரல்லயே, தம்பி?"

நான் நடந்ததைச் சொன்னேன். கூட்டுக்குள் குனிந்து பார்த்தார்.

"நோவு ஒண்டுமில்ல. அடை கிடக்குது. முட்டைய எடுக்காம உட்டா, படுக்காம என்ன செய்யும்?"

செவலை கிடந்த வைக்கோலில் ஏழு முட்டை. இன்னும் சூடு ஆறவில்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதேன், லூர்து. உன்னை அடக்கம் பண்ணிய அன்றுகூட நான் அப்படி அழவில்லை. இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தும், தபசுகாலத்து முட்டை எங்கே போகிறது என்று ஒருநாளும் உன்னைக் கேட்கவில்லையே. இன்னும் எதையெல்லாம் கேட்காமல் விட்டேன்?

அந்த ஏழு முட்டையையும் உம்மா கறுப்பிக்கு அடை வைத்தார். பாஸ்காவுக்கு முந்தின நாள் ஐந்து பொரித்தன. அக்கா இப்போது உம்மாவைக் கண்டால் பின்வாசலால் போய்விடுகிறாள்.

இனிக் காலையில் கூட்டுக்குள் கைவிட்டுப் பார்ப்பது என் வேலை. வரும் தபசுகாலத்து முட்டையை நானே உம்மா வீட்டுக்குக் கொண்டுபோவேன். இது சத்தியம்.

செவலையை அங்கே எங்காவது கண்டால் ஒன்று மட்டும் சொல்லு: "அவருக்கு ஒன்னும் தெரியாது. நான் எதையும் சொல்லிக் குடுத்துட்டு வரல."

உன் பிள்ளைகளின் அப்பா,
அந்தோணி