முதல் கோரிக்கை பிழைத்தது

ஐப்பசி, வியாழக்கிழமை.

காலையில் காப்புரிமை விசாரணை, வீடியோவில். நாங்கள் உருவாக்கிய கிளைப் பாலிமர், அதாவது கிளைவிட்ட மூலக்கூறுகளாலான பிளாஸ்டிக், சூட்டில் பிணைப்பு விட்டு, ஆறினால் மறுபடி ஒட்டிக்கொள்ளும். பழைய காப்புரிமை ஒன்றிலும் இதுதான் இருக்கிறது என்று, இதற்குத்தான் உரிமை வேண்டும் என்று விண்ணப்பத்தில் நாங்கள் எழுதிய முதல் கோரிக்கையையே காப்புரிமை அலுவலகத்தில் மறுத்திருந்தார்கள்.

"அது ஒரு தடவைதான் சார் திரும்ப ஒட்டும். எங்களது எத்தனை தடவை உடைச்சாலும் ஒட்டும்" என்றேன்.

"மொத விண்ணப்பத்துல அது இருக்கா? இப்ப புதுசா சேர்க்க முடியாதும்மா" என்றார் அதிகாரி.

நான் விண்ணப்பத் தாள்களைப் புரட்டித் தேடினேன். என்னோடு ஆய்வு செய்யும் மீமிசல் பாத்திமாதான் பேசினாள். "கடைசி அட்டவணையில இருக்கு சார். ஒரே துண்டை இருபது தடவை உடைச்சு ஒட்டியிருக்கோம்."

அவர் புரட்டிப் பார்த்தார். "அதையே கோரிக்கையில எழுதிக் குடுங்க, ஏத்துக்கறேன்."

விண்ணப்பம் எழுதிய அன்றைக்கு அந்த அட்டவணையை வெட்டச் சொன்னவள் நான். "இருக்கட்டும்க்கா" என்று பிடிவாதமாக வைத்தவள் அவள். இன்று சொல்லிக்காட்டவேயில்லை. அவளால்தான் பிழைத்தது என்று நாளைக்கு நானே அவளிடம் சொல்லிவிட வேண்டும். கண் சொக்குகிறது. இப்படித் தூக்கம் வந்து எத்தனை நாளாயிற்று.