கறுப்புப் பட்டைக்கு அடியில்

மார்ச் 4, திங்கள்

ஃபெல்லோஷிப் நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். ‘சுற்றுச்சூழல் சட்டம், காலநிலை நீதி: இளம் வழக்கறிஞர்களுக்கு ஓராண்டு வாய்ப்பு.’ முந்நூற்றுச் சொச்சம் பேரில் பன்னிரண்டு பேர், அதில் நான். துள்ளிக் குதிக்க வேண்டியவள் கடிதத்தின் அடியில் உள்ள பொடி எழுத்தைப் படித்துக்கொண்டிருக்கிறேன். யார் நடத்துகிறார்கள்? எதற்காக எங்களைப் போன்றவர்கள் மேல் திடீரென்று இத்தனை பாசம்? தேர்வுக் குழுவில் யார் யார் என்று ஒரு வார்த்தை இல்லை.

அத்தான் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “பரிசு விழுந்தாக்கூட சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற ஆளு நீ.” அக்கா சிரித்தாள். சிரிக்கட்டும். இந்த வீட்டில் வாடகை ஒப்பந்தத்தை முழுசாகப் படித்த ஒரே ஆள் நான்தான்.

விண்ணப்பத்தோடு ‘எழுத்து மாதிரி’ ஒன்று கேட்டிருந்தார்கள். கழிவுநீர் வழக்குக்காக நான் எழுதிய பிரமாணப் பத்திர வரைவை அனுப்பினேன். இதுவரை எழுதியதில் அதுதான் உருப்படி. சாட்சியின் பெயர், வேலை, வண்டி எண், அவர் வைத்திருக்கும் ஆதாரம், எல்லாவற்றின் மேலும் கணினியிலேயே கறுப்புப் பட்டை போட்டேன். ‘ஒரு தொழிலாளி’ என்பது மட்டும்தான் மிச்சம். இரண்டு முறை சரிபார்த்தேன். சீனியர் மேடமிடம் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பார்.

மார்ச் 6, புதன்

நேர்முகச் செய்தியை ஆபீஸில் சொன்னேன். மேடம் தலையை நிமிர்த்தாமல், “நல்லது, அன்னிக்கு லீவு எழுதிக் குடு” என்றார். குமாஸ்தா கை கொடுத்தார். இன்னொரு ஜூனியரான பென்சில் ஒரு நொடி கழித்துத்தான் சிரித்தான்.

அந்த ஒரு நொடியை நான் கவனித்தேன். அவனும் விண்ணப்பித்திருந்தான். கூப்பிடவில்லை.

பென்சில் என்று பெயர் வைத்ததே நான்தான். காதில் எப்போதும் ஒன்று செருகியிருக்கும். எதை எழுதினாலும் பென்சிலால்தான் எழுதுவான். ஏன்? அழித்துவிடலாம் என்றுதானே?

மார்ச் 8, வெள்ளி

கழிவுநீர் வழக்கின் சாட்சி, டேங்கர்காரர், மறுபடியும் வந்திருந்தார். ரசாயனத் தொழிற்சாலையில் பதினோரு வருடமாக டேங்கர் ஓட்டுகிறார். மழை பெய்கிற நாளாகப் பார்த்து, சுத்திகரிக்காத கழிவுநீரை மூடிப்போன கல்குவாரியில் கொட்டச் சொல்கிறார்களாம். மழைத் தண்ணீரோடு கலந்து கீழே இறங்கிவிடும். குவாரிக்குக் கீழ்ப்பக்கத் தெருக்களில் மூன்று வருடமாக மழை குறைந்து கிணற்றை ஆழப்படுத்தியிருக்கிறார்கள். ஆழத்திலிருந்து வருவதோ இந்தத் தண்ணீர். காலநிலை நீதி என்றால் என்ன என்று விண்ணப்பத்தில் ஒரு பக்கக் கட்டுரை கேட்டிருந்தார்கள். இந்தத் தெருவில் ஒரு வாளி இறைத்துக் கொண்டுபோய் வைத்திருக்கலாம்.

ஒவ்வொரு நடையையும் தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் குறித்து வைத்திருக்கிறார். நாற்பத்திரண்டு தாள். பிஸ்கட் டப்பாவில் போட்டு எங்கோ வைத்திருக்கிறார். எங்கே என்று எங்களிடம்கூடச் சொல்லவில்லை. எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

என்ஜின் சத்தத்தில் இடது காது போய்விட்டது. வலது பக்கம் நின்று பேச வேண்டும். “என் பேரு வெளிய வராதுல்ல?” என்று மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் நான்தான் “வராது” என்றேன். விஷயம் தெரிந்தவர்கள் நான்கே பேர்: மேடம், குமாஸ்தா, பென்சில், நான்.

மார்ச் 12, செவ்வாய்

நேர்முகம் முடிந்தது. நீள மேசை, எதிரே மூன்று பேர். பேராசிரியை ஒருவர். தொண்டு நிறுவனத்துக்காரர் ஒருவர். பாதி நேரம் போனைப் பார்த்தார். மூன்றாவது ஆள் ஏதோ பெரிய சட்ட நிறுவனத்தின் பங்குதாரர், சட்டைக் கையில் தங்கப் பொத்தான். இவருக்குக் காலநிலை நீதியில் என்ன வேலை?

ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். நான் அனுப்பியதை வரிவரியாகப் படித்துவிட்டு வந்தவர் அவர் ஒருவர்தான். “உங்க டேங்கர் டிரைவர் குறுக்கு விசாரணையில தாக்குப்பிடிப்பாரா?” என்று கேட்டார். “சம்பவம் நடந்த அன்னிக்கே எழுதி வச்ச குறிப்பு இருக்கு சார். ஆட்டிப் பார்க்கட்டும்” என்றேன். தலையாட்டினார். வெளியே வந்தபோது கால் தரையில் இல்லை.

மார்ச் 15, வெள்ளி

ஒன்றும் இல்லை. பென்சில் வராந்தாவில் போன் பேசினான். நான் போனதும் குரலைத் தாழ்த்தினான்.

மார்ச் 19, செவ்வாய்

டேங்கர்காரரை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்.

மேனேஜர் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம்: “காலண்டர் தாளெல்லாம் எங்க வச்சிருக்க?” மேடத்தின் போனில் அவர் பேசியது எனக்கே கேட்டது, அவ்வளவு சத்தம். “நீங்க நாலு பேருதானேம்மா? என் பொண்டாட்டிக்குக்கூட காலண்டர் சமாச்சாரம் தெரியாதும்மா!”

நாங்கள் மனுவையே இன்னும் தாக்கல் செய்யவில்லை.

நான்கு பேர். மேடம் இல்லை. நான் இல்லை. குமாஸ்தா இருபது வருடமாக இருக்கிறார். கணக்கு அவ்வளவு கஷ்டமா என்ன?

மார்ச் 20, புதன்

தொழிற்சாலையின் வக்கீல்களிடமிருந்து கடிதம். ‘திருடப்பட்ட ஆவணங்களை’ நாங்கள் பயன்படுத்தப் பார்க்கிறோமாம், நடவடிக்கை எடுப்பார்களாம். மேடம் வாசித்துவிட்டு இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். எங்கள் யாரிடமும் காட்டவில்லை. என்னையும் சந்தேகப்படுகிறாரா? என்னையா!

மார்ச் 22, வெள்ளி

இனி எல்லாவற்றையும் தேதியோடு எழுதப் போகிறேன். மனதில் பட்டது என்று சொன்னால் யார் கேட்பார்கள்?

பென்சிலின் சித்தப்பா மகன் அதே தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பர். வேலைக்குச் சேர்ந்த அன்றே அவனாகவே சொன்னதுதான். ஆனால் முந்திக்கொண்டு சொல்லிவிட்டால் பிறகு யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் அல்லவா? போன வாரம் அந்த போன் வேறு. இன்றைக்கு வழக்குக் கட்டை அலமாரியில் வைத்துவிட்டு, பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தான். யாருக்காக இந்த நாடகம்?

மதியம் “ஏன் என்னையே பார்க்கிற?” என்று கேட்டான். “உன்னை எதுக்குப் பார்க்கணும்” என்றேன்.

மார்ச் 27, புதன்

மேடமிடம் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். அந்த ஒரு நொடிச் சிரிப்பைக்கூட.

சாயங்காலம் மேடம் அவனைக் கூப்பிட்டு அலமாரிச் சாவியை வாங்கிக்கொண்டார். விஷயம் தெளிவாகிற வரைக்கும் ஆபீஸுக்கு வர வேண்டாம் என்றார். அவன் காதிலிருந்த பென்சிலை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, பையை மாட்டிக்கொண்டு கிளம்பினான். படியில் என்னைப் பார்த்து, “நீயா சொன்ன?” என்றான்.

“இல்ல” என்றேன்.

ஏன் பொய் சொன்னேன்? சரியான காரியம்தானே செய்தேன்?

ஏப்ரல் 1, திங்கள்

தேர்வாகிவிட்டேன்! அனுப்பியவர் முகவரியை எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தேன், தேதி வேறு அப்படி. உண்மைதான். அக்கா கேக் வாங்கி வந்தாள். அத்தான், “இப்பவாவது நம்புறியா?” என்றார். டேங்கர்காரர் வீட்டில் இன்று என்ன நடக்கும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன்.

ஏப்ரல் 3, புதன்

பென்சில் மேல் பார் கவுன்சிலில் புகார் கொடுக்க வேண்டுமானால் வாய்ச்சொல் போதாது, தேதி வாரியாக எழுதிக் கொடு என்றார் மேடம். அதற்குத்தானே இந்த நோட்டு. மதியச் சாப்பாட்டு நேரத்தில், ஆபீஸில் யாரும் இல்லாதபோது பின்னாலிருந்து புரட்டினேன். இருபத்தேழு. இருபத்திரண்டு. பதினைந்து.

பன்னிரண்டு.

‘உங்க டேங்கர் டிரைவர்.’

என் கையெழுத்துதான். ஒரு தடவை படித்தேன், அடுத்த பக்கம் போய்விட்டேன், திரும்பி வந்தேன். நான் அனுப்பியதில் டேங்கர் ஏது? டிரைவர் ஏது? ‘ஒரு தொழிலாளி’ என்றுதானே இருந்தது? நானே மார்ச் நாலாம் தேதி எழுதி வைத்திருக்கிறேனே?

அனுப்பிய கோப்பைத் திறந்தேன். கறுப்புப் பட்டைகள் எல்லாம் இருந்த இடத்தில்தான் இருந்தன, ஒன்றுகூடக் குறையவில்லை. ஒரு பட்டையின் மேல் மவுஸை இழுத்து, நகலெடுத்து, வெற்றுப் பக்கத்தில் ஒட்டினேன்.

பெயர் வந்தது. தகப்பனார் பெயரோடு வந்தது. வண்டி எண். பதினோரு வருடம். நாற்பத்திரண்டு காலண்டர் தாள்.

நான் அழிக்கவில்லை. மேலே ஒரு கறுப்புக் கட்டத்தை வைத்து மூடியிருக்கிறேன், அவ்வளவுதான். இரண்டு முறை சரிபார்த்தேனே! எதை? கண்ணுக்குத் தெரிகிறதா என்று. வக்கீலுக்குப் படித்தவள் செய்கிற வேலையா இது? ஐயோ, நான் என்ன பண்ணிட்டேன். அந்த ஆளு மூணு தடவ கேட்டாரே. மூணு தடவையும் வராதுன்னு சொன்னேனே. ஏற்கெனவே அனுப்பிட்டுத்தானேடி சொன்ன!

பென்சில். பென்சில் மேசையிலேயே கிடக்கிறது.

ஏப்ரல் 4, வியாழன்

காலையில் மேடம் செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டேன். உட்கார்ந்தால் தைரியம் போய்விடும்.

அவர் இழுப்பறையைத் திறந்து அந்தக் கடிதத்தை எடுத்து நீட்டினார். தலைப்பில் பங்குதாரர்களின் பெயர் வரிசை. நான்காவது பெயர், தங்கப் பொத்தான். “இதை அன்னிக்கே காட்டியிருந்தா நீ கண்டுபிடிச்சிருப்ப” என்றார். “நாலு பேர்ல ஒருத்தர்னு நானும் நினைச்சேன். அதான் யாருக்கும் காட்டல.”

தங்கப் பொத்தான் வேண்டுமென்றே சொன்னாரா? சக பங்குதாரர் யாரிடமாவது பேச்சுவாக்கில் உளறினாரா? தெரியாது. நிரூபிக்கவும் முடியாது. என் பங்கை மட்டும் நிரூபிக்கலாம், தேதி வாரியாக.

“உன்னை வச்சுக்கணுமா வேணாமான்னு யோசிக்கணும். அதுவரைக்கும் பக்க எண் போடு. இப்போ அவனுக்கு போன் பண்ணு. நான் பேச மாட்டேன், நீதான் பேசணும்.”

பேசினேன். முழுவதும் கேட்டான். “படியில கேட்டேன்ல?” என்றான். “கேட்ட.” “இல்லன்னு சொன்ன.” “ஆமா.” “திங்கக்கிழமை வரேன். சாவி என்கிட்ட இருக்கட்டும். உன்கூட டீ குடிக்க மட்டும் கூப்பிடாத.”

ஏப்ரல் 8, திங்கள்

டேங்கர்காரர் வீட்டுக்கு மேடமோடு போனேன். நான்தான் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன். சொன்னேன். அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. பதற்றத்தில் இடது பக்கம் நின்றிருக்கிறேன்.

“சத்தமா சொல்லும்மா.”

வலது பக்கம் போய், அடுத்த வீட்டுக்குக் கேட்கும் குரலில் மறுபடியும் சொன்னேன். உங்க பேர் வெளிய போனது என்னாலதான். என் தப்பு. அவருடைய மனைவி அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

டேங்கர்காரர் சொன்னார்: “என் மச்சான் எங்ககூடத்தான் இருந்தான்மா. அவன்தான் போட்டுக் குடுத்திருப்பான்னு நினைச்சேன். டப்பா இருந்த எடம் அவனுக்குத் தெரிஞ்சிருக்கலாம்னு... மூணு வாரம் ஆச்சு, சட்டையப் பிடிச்சு வெளிய தள்ளி.”

அவர் மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மச்சான் அவருடைய தம்பி.

என் மேல் புகார் கொடுக்க டேங்கர்காரருக்கு உரிமை உண்டு, அதற்கு வேறு வக்கீலை வைத்துக்கொள்ளலாம் என்று மேடம் விளக்கினார். “இன்னொரு வக்கீலா? அவரை எப்படி நம்புறது?” என்றார் டேங்கர்காரர். அது நகைச்சுவையா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் சிரிக்கவில்லை. மனைவி சொன்னார்: “பேரு போச்சு, வேலை போச்சு. இனி எதுக்கு ஒளிக்கணும்? அந்த டப்பாவ எடுத்துக் குடுங்க.”

ஏப்ரல் 12, வெள்ளி

ஃபெல்லோஷிப் வேண்டாம் என்று எழுதி, நடந்ததையும் எழுதி, குழுவின் மூன்று பேருக்கும் அனுப்பினேன்.

ஏப்ரல் 26, வெள்ளி

பேராசிரியையிடமிருந்து மட்டும் பதில்: விசாரிக்கிறேன் என்று. விசாரிப்பாரா?

என்னவோ, இப்போதெல்லாம் கேள்வியோடு நிறுத்திக்கொள்கிறேன்.

மே 6, திங்கள்

மனு தாக்கல் ஆயிற்று. நான்கு படிகள், நூற்று எண்பத்தாறு பக்கம், அதில் நாற்பத்திரண்டு காலண்டர் தாளும் முன்பக்கம் பின்பக்கமாக. பக்க எண் முழுக்க நான். முதலில் பென்சிலில் போட்டு, சரிபார்த்த பிறகு மையில் போட வேண்டும். பென்சில் தன் பென்சிலை என் பக்கம் தள்ளினான். வேலை முடிந்ததும் திருப்பி வாங்கிக் காதில் செருகிக்கொண்டான்.

வழக்கறிஞர்கள் இருவர்: மேடம், அவன். என் பெயர் இல்லை. மேடம் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

டேங்கர்காரர் கையெழுத்துப் போட வந்தார். மச்சான் இன்னும் போனை எடுப்பதில்லையாம். வலது பக்கம் உட்கார்ந்து பிரமாணப் பத்திரத்தை முதலிலிருந்து வாசித்துக் காட்டினேன். பெயர், தகப்பனார் பெயர், வயது, விலாசம். கறுப்பு எங்கேயும் கிடையாது. வரைவில் ‘டேங்கர் ஓட்டுநர்’ என்று இருந்ததற்கு முன்னால் இப்போது ‘முன்னாள்’ என்று ஒரு வார்த்தை கூடியிருக்கிறது. தட்டச்சு செய்தது நான்தான்.

அந்த இடத்தில் என் குரல் இறங்கிவிட்டது போலிருக்கிறது. அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

“சத்தமா வாசிம்மா.”

வாசித்தேன்.