அத்தையின் வலது கை

16 பிப்ரவரி 2025, ஞாயிறு

குடிபாலாவிலிருந்து திருப்பதி வந்து சேர்ந்து இன்னும் புடவை கூட மாற்றவில்லை. எழுதினால்தான் மனது அடங்கும் போலிருக்கிறது.

மத்தியானம் அத்தை வாசலில் உட்கார்ந்து புளியங்கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்து நிலத்துத் தங்கவேலு மாமா வந்து, போர்வெல் எங்கே போடுவது என்று புலம்பிக்கொண்டிருந்தார். முன்னால் போட்ட இரண்டிலும் புழுதிப் புகைதான் வந்ததாம். பதில் சொல்லிக்கொண்டிருந்த அத்தையின் பேச்சு திடீரென்று குழறியது. வாய் ஒரு பக்கம் இறங்கியது. கையிலிருந்த புளி கீழே விழுந்தது.

"அம்மா வந்துட்டா!" என்று கத்தினார் தங்கவேலு மாமா. அவ்வளவுதான், தெருவே கூடிவிட்டது. கற்பூரம், தண்ணீர், வேப்பிலை. "போரு எங்கம்மா போடட்டும்?" அத்தையின் வலது கை மடியிலிருந்து நழுவிப் பக்கத்தில் தொங்கியது. "கெழக்கு! கெழக்கு மூலைய காட்டிட்டா!"

ஊர் அம்மன் கெங்கம்மா அத்தைமேல் இறங்குவது ஊருக்கே தெரிந்த விஷயம். வருஷா வருஷம் திருவிழாவில் குறி சொல்வாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து நானும் பார்க்கிறேன். அப்போது அத்தை எழுந்து நிற்பாள், இரண்டு கையும் வானத்துக்குப் போகும், குரல் தெருக்கோடிக்குக் கேட்கும். இன்றைக்கு உட்கார்ந்த இடத்திலேயே ஒடுங்கிப் போயிருந்தாள். கண்ணில் என்னவோ இருந்தது. என்னவென்று சொல்லத் தெரியவில்லை.

கொஞ்ச நேரத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. எழுந்து மோர் குடித்தாள். எல்லோரும் காலில் விழுந்தார்கள், பெற்ற மகன், என் வீட்டுக்காரர் ரமணாவும்தான்.

அரக்கோணத்தில் என் நைனாவுக்கும் முதலில் இப்படித்தான். சோறு பிசையும்போது கை நழுவியது, தானாகச் சரியானது. "சூடு, வேற ஒன்னுமில்ல" என்றார். அடுத்த மாதம் விழுந்தவர் எழுந்திருக்கவே இல்லை. முதலில் வந்தது சின்ன ஸ்ட்ரோக், அப்போதே கூட்டி வந்திருக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

17 பிப்ரவரி, திங்கள்

ரமணாவிடம் சொன்னேன். ஸ்ரீசிட்டி கம்பெனி பஸ் ஓட்டுகிறவன், ஷிஃப்ட் முடிந்து களைத்து வந்திருந்தான். நான் நேரம் பார்த்துப் பேசியிருக்கலாம். எனக்கு எங்கே அந்தப் பொறுமை?

"எங்கம்மாவுக்கு சாமி வர்றது உனுக்கு சீக்காட்டம் தெரியுதா?"

"சாமி வந்தா வாய் கோணுமா?"

தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போய்விட்டான். தாய்க்கு நோய் என்று மகன் சொன்னால் அக்கறை. மருமகள் சொன்னால் அபசகுனம்.

2 மார்ச், ஞாயிறு

தண்ணீர் வந்துவிட்டது. அதுவும் கிழக்கு மூலையில்.

ரமணா வீடியோ காட்டினான். போர் வண்டிக்குப் பக்கத்தில் சேற்றுத் தண்ணீர் பீய்ச்சுகிறது, தங்கவேலு மாமா நனைந்துகொண்டு ஆடுகிறார். அத்தைக்கு மாலை போட்டிருக்கிறார்கள். "இப்ப இன்னா சொல்ற?" என்றான்.

தண்ணீர் வந்தது நல்லதுதான். ஆனால் கெங்கம்மாவே வந்து தண்ணீர் காட்டிய உடம்பை இனி எந்த ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவது?

5 மார்ச், புதன்

பிபி மட்டுமாவது பார்த்துக்கொள்ளச் சொல்லி அத்தைக்குப் போன் செய்தேன். "எனுக்கு இன்னா? கல்லாட்டம் கீறேன்" என்று வைத்துவிட்டாள்.

20 மார்ச், வியாழன்

இன்றைக்கு நான் செய்தது திருட்டு வேலை. அது பலிக்கவும் இல்லை.

லாட்ஜில் லீவு போட்டேன். (ரிசப்ஷனில் என் இடத்தில் உட்கார்ந்த கல்பனா மூன்று தடவை போன் செய்து சாவி எங்கே என்று கேட்டாள்.) திருவிழாவுக்குப் புடவை எடுக்கலாம் என்று பொய் சொல்லி அத்தையைச் சித்தூருக்கு அழைத்துப் போனேன். ஆட்டோ ஆஸ்பத்திரித் தெருவில் திரும்பியதுதான் தாமதம், "ஆப்பு பாபு" என்று தெலுங்கில் அதட்டி நிறுத்தி இறங்கிவிட்டாள். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

"ஊசிக்குப் பயமா அத்தே?"

"ஊசியா? அங்க கூட்டுறது, தொடைக்கிறது பாதிப் பேரு நம்ப பக்கத்து ஊருங்க. என்னைப் பாத்துட்டு வாய மூடிக்கினு இருப்பாளுங்களா?"

குடிபாலா பஸ்ஸில் ஏறி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

திரும்பி வரும் வழியெல்லாம் அதையே யோசித்தேன். அத்தை பயப்படுவது மருந்துக்கு அல்ல, யாராவது பார்த்துவிடுவார்களோ என்றுதான். பார்த்தால் என்ன? எல்லோரும்தான் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். இவளுக்கு மட்டும் என்ன வந்தது?

12 ஏப்ரல், சனி

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து கோழி கிளறியது போல இருக்கிறது.

தமிழ் வருஷப் பிறப்புக்கென்று அத்தை நேற்றே திருப்பதிக்கு வந்திருந்தாள். காலையில் ரமணா வேலைக்குப் போய்விட்டான். நாங்கள் இரண்டு பேர்தான். காபி டம்ளரைக் கொடுத்தேன். பிடித்தாள், பிடித்த கை அப்படியே தளர்ந்தது. காபி மடியெல்லாம். என் பெயரைச் சொல்லப் பார்த்தாள், வாயில் கூழாங்கல் போட்டதுபோல ஏதோ வந்தது.

நான் கற்பூரம் தேடவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்தேன். ஐயோ அத்தே, அத்தே என்பதைத் தவிர எனக்கும் வேறு வார்த்தை வரவில்லை. பேச்சு திரும்பியதும் அவள் முதலில் கேட்டது — "நீ ஏன் கால்ல உழல?"

"இது அம்மா இல்ல அத்தே."

அழ ஆரம்பித்துவிட்டாள். அத்தை அழுது நான் பார்த்ததே இல்லை.

"எனுக்குத் தெரியாதா? அம்மா வந்தா எனுக்கு பயமே இருக்காது தேனு. எதுக்கும் பயம் இருக்காது. இது வந்தா பயமாக்கீது. கெணத்துல தள்ளிட்டாப்ல கீது."

முதல் நாளே தெரியுமாம். சொல்லலாம் என்று வாயைத் திறப்பதற்குள் தங்கவேலு மாமா காலில் விழுந்துவிட்டார். தண்ணீரும் வந்து தொலைத்தது. "இப்ப போயி அது நரம்புன்னு சொன்னா, இத்தினி வருசமா வந்தது மொத்தமும் நரம்புதான்னு சொல்லுவானுங்க. நாங்க நாத்து நட்ட கழனிக்காரம்மா என் கால்ல உழுந்து எழுந்துக்கினு போறா. அது எனுக்கு யாரு குடுத்தது? கெங்கம்மா குடுத்தது. அத நானே போயி தொலைச்சிட்டு வரவா?"

இதை மனதில் வைத்துக்கொண்டா இவள் இரண்டு மாதம் சிரித்துப் பேசினாள்! எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது. பெரிதாகத் தத்துவம் எதுவும் சொல்லத் தெரியவில்லை. "அம்மா எறங்குறதுக்கு நீங்க இருக்கணும் இல்ல அத்தே? இப்பவே போலாம், வாங்க" என்றேன். "ரமணாவுக்கு சொல்லாத" என்றாள். சரி என்றேன். ஆட்டோவில் ஏறியதும் முதல் வேலையாக ரமணாவுக்குத்தான் போன் செய்தேன்.

உள்ளே ஸ்கேன் எடுக்கிறார்கள். ரமணா இன்னும் வந்து சேரவில்லை. கெங்கம்மா, கொஞ்சம் பார்த்துக்கொள்.

15 ஏப்ரல், செவ்வாய்

வீட்டுக்கு வந்துவிட்டோம்.

சின்ன ஸ்ட்ரோக்தான். ஒன்றல்ல, அடுத்தடுத்து வந்திருக்கிறது. ரத்தக் கொதிப்பு ஏகத்துக்கு ஏறியிருந்தது, கழுத்துக் குழாயில் கொஞ்சம் அடைப்பு. ஆபரேஷன் இப்போது வேண்டாம், மாத்திரையிலேயே கட்டுப்படுத்தலாம் என்றார் டாக்டர். மனோரமா என்று பெயர், என்னைவிடச் சின்னப் பெண்ணாகத்தான் இருப்பார். "பெருசா வர்றதுக்கு முன்னாடி வந்துட்டீங்க, நல்ல நேரம்" என்று தெலுங்கில் சொன்னபோது நான் அங்கேயே கும்பிட்டுவிட்டேன்.

டிஸ்சார்ஜ் ஆகும்போது அத்தையே வாயைத் திறந்தாள். அம்மன் வருவதைப் பற்றிக் கேட்டாள். இந்த டாக்டர் சிரித்துவிட்டால் எல்லாம் போச்சு. டாக்டர் சிரிக்கவில்லை. அப்போது கை எப்படி இருக்கும், பிறகு எப்படி இருக்கும் என்றெல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "அது வேற, இது வேற. இது வந்தா மட்டும் உடனே ஓடி வரணும். விரதம்னு மாத்திரைய நிறுத்தக் கூடாது. வெயில்ல நிக்கக் கூடாது. மத்தபடி அம்மன் வர்றதுக்கு நான் யாரும்மா தடை சொல்ல?"

ரமணா மூன்று நாளும் அம்மாவின் கால்மாட்டில்தான். இன்றைக்கு அவனே சோறு வடித்து, எனக்குத் தட்டில் போட்டு நீட்டினான். போகட்டும், வாங்கிக்கொண்டேன்.

4 மே, ஞாயிறு

குடிபாலாவில் அத்தை தங்கவேலு மாமாவைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லிவிட்டாள். அன்றைக்கு வந்தது அம்மன் இல்லை, சீக்கு, கை தானாக விழுந்தது, அவ்வளவுதான் என்று. நான் உள்ளே கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவர் தலையைச் சொறிந்தார். "இருக்கட்டுமே அக்கா. அந்தக் கைய கெழக்கால உழவெச்சது யாரு?"

அத்தைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எனக்கும்தான். இந்த மனுஷனிடம் இதைச் சொல்ல இவ்வளவு பயந்தாளே! ஊரில் நாலு பேர் வேறு மாதிரியும் பேசுவார்கள், பேசாமல் இருக்க மாட்டார்கள். ஆனால் அவள் முகம் தெளிந்துவிட்டது.

27 மே, செவ்வாய்

திருவிழா. காப்புக் கட்டியதும் வாயில் எதுவும் போடக்கூடாது என்று பெரியவர்கள் சிலர் முணுமுணுத்தார்கள். அத்தை மாத்திரையைக் கெங்கம்மா பாதத்தில் வைத்து எடுத்து, எல்லோர் முன்னாலும் விழுங்கினாள். "அவளே குடுத்துட்டா. உங்களுக்கு இன்னா?"

வெயில் தாழ்ந்த பிறகு அம்மன் வந்தாள். எழுந்து நின்றாள், இரண்டு கையும் மேலே போனது. நான் கும்பிடவே மறந்துவிட்டேன். அவள் வாயையும் வலது கையையும் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். குரல் கணீரென்று வந்ததும்தான் விழுந்து கும்பிட்டேன். அழுகை வந்துவிட்டது. பக்தியா நிம்மதியா, இரண்டும்தான்.

13 ஜூலை, ஞாயிறு

காலையில் லாட்ஜில் கூட்டம் அள்ளிக்கொண்டிருந்தபோது அத்தை போன். ஞாயிற்றுக்கிழமை இந்த நேரத்தில் பேச மாட்டாளே என்று பதறி எடுத்தேன்.

விஷயம் அவளைப் பற்றியது இல்லை. நாலு வீடு தள்ளி இருக்கிற செல்லியம்மா மாங்காய் தரம் பிரித்துக்கொண்டிருந்தபோது அப்படியே சாய்ந்துவிட்டாளாம். வாய் இழுத்துக்கொண்டதாம். செல்லியம்மாவுக்கு இதுவரைக்கும் அம்மன் வந்ததே இல்லை. ஆடி பிறக்கப் போகிறது, புதிதாக வந்திருக்கிறாள் என்று கற்பூரம் ஏற்றிவிட்டார்கள். குறி கேட்க ஆளும் கூடியாகிவிட்டது. அத்தை போய்க் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நின்று சொன்னாளாம்:

"இது அம்மா இல்ல. எனுக்குத் தெரியும். கற்பூரத்த அணைங்க, வண்டியக் கூப்புடுங்க."

உடனே கற்பூரத்தை அணைத்துவிட்டு ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார்களாம். இதையே நான் சொல்லியிருந்தால்? ஊர் நர்ஸம்மா சொல்லியிருந்தால்? கற்பூரம் எரிந்து முடிகிறவரை யாரும் நகர்ந்திருக்க மாட்டார்கள். அந்த ஊரில் அம்மன் இல்லை என்று சொல்ல அத்தை ஒருத்தியால்தான் முடியும்.

"இப்ப எங்க கீறீங்க அத்தே?"

பின்னால் சைரன் கேட்டது. "ஆம்புலன்ஸ்லதான். சித்தூருக்குப் போய்க்கினு கீறோம். பயப்படாத, நானும் இதுல இருந்து எழுந்து வந்தவதான்னு செல்லியம்மாகிட்ட சொல்லிக்கினே வரேன். என் கைய வுட மாட்டேங்குறா" என்றாள்.