அண்ணிக்கு எடுத்த கோடி

என் கூடப் பிறந்த ராசாவே, அண்ணா,

நீ கண்ணை மூடி வருஷம் திரும்பப் போகிறது. ரங்கூனில் அண்ணிக்கு இன்னும் தெரியாது. தலையில் பூ வைத்துக்கொண்டு உனக்காகக் காத்திருப்பாள். போட்ட கடிதம் எதற்கும் பதில் இல்லை.

அங்கே உன் ஜவுளிக் கடையைச் சர்க்கார் எடுத்துக்கொண்டு உன்னைக் கப்பலேற்றியபோது, அவள் பர்மாக்காரி, விடமாட்டோம் என்று துறைமுகத்திலேயே நிறுத்திவிட்டார்கள். "ரெண்டு தேசமும் சிநேகம்மா, பேசி அனுப்பி வெச்சிடுவாங்க" என்று நீ சொல்லிக்கொண்டே இருந்தாய். தலைவர்கள் கைகுலுக்கும் படம் பேப்பரில் வந்தால் வெட்டிச் சுவரில் ஒட்டினாய். அந்தச் சுவரைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரிகிறது. கை குலுக்கியவர்களில் ஒருத்தராவது அண்ணியின் பேரைச் சொன்னார்களா?

அண்ணியை அனுப்பச் சொல்லி மனு எழுதித் தந்த கட்சிக்காரர் என்ன சொன்னார், ஞாபகம் இருக்கிறதா? "சீனாக்காரனோட சண்டை போட்டுட்டோம். பர்மாவையும் பகைச்சிக்கினா அவன் பக்கம் போயிடுவாங்கம்மா." பெரிய தேசங்களுக்கு நடுவில் நம் தேசம் நல்ல பிள்ளையாக இருக்கவேண்டுமாம். அதற்கு உன் குடும்பம்தான் கிடைத்தது.

தாலியறுத்தவளுக்குப் பிறந்த வீட்டார் கோடிப் புடவை போர்த்தவேண்டும். அண்ணிக்கு இங்கே யார் இருக்கிறார்கள்? உன் கருமாதிக்கு நானே எடுத்தேன், நம் தறியில் நெய்த அரக்குப் பட்டு. போர்த்த ஆளில்லாமல் உன் படத்தடியில் கிடந்தது.

போன மாசம் ரங்கூன் மந்திரி ஒருவர் வந்தார். கோயில் பார்த்துவிட்டு நெசவாளர் சங்கத்துக்கு வருகிறார் என்றார்கள். கோடியை எடுத்துக்கொண்டு ஓடினேன். நெசவுக்காரி, கையில் பட்டு, பரிசு என்று நினைத்து முன்னால் விட்டார்கள். எங்கள் பேச்சை மந்திரிக்கு இங்கிலீஷில் சொல்ல டெல்லியிலிருந்து ஓர் அதிகாரி, நம் தமிழர்தான், கூட வந்திருந்தார்.

"ஐயா, எங்க அண்ணன் செத்துட்டாரு. அண்ணி உங்க ஊர்ல கீறாங்க. இத்த அவங்ககிட்ட சேத்துடுங்க" என்றேன்.

அதிகாரி என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே என்னவோ சொன்னார். மந்திரி கும்பிட்டு வாங்கிக்கொண்டார். எல்லோரும் கை தட்டினார்கள், போட்டோ எடுத்தார்கள். எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது, அண்ணா.

வாசலில் அதிகாரியைப் பிடித்தேன். "மந்திரி இன்னா சார் சொன்னாரு?"

"அவர் சம்சாரத்துக்கு இந்த ஊர்ப் பொண்ணுங்க அன்பா குடுக்கறாங்கன்னு சொல்லிட்டேம்மா. விருந்தாளிகிட்ட சாவைப் பத்திப் பேசலாமா? உறவு கெட்டுடும்."

"அது கோடி சார்."

மனுஷன் முகம் செத்துவிட்டது. "யார்கிட்டயும் சொல்லிடாதம்மா" என்று காரில் ஏறிவிட்டார்.

புருஷன் உயிரோடு இருக்கிறவளுக்குக் கோடி போய்ச் சேர்ந்தது. அந்த அம்மாள் என்ன பாவம் செய்தாள் என்று சில நாள் சோறு இறங்கவில்லை. அப்புறம் கோபம்தான் மிஞ்சியது. நம் வீட்டுச் சாவைக்கூட நம் வாயால் சொல்லவிடாத உறவு யாருக்கு வேண்டும்?

உன்னோடு கப்பலில் வந்த அம்மாள் ஒருத்தி பிள்ளையார்பாளையத்தில் இருக்கிறாள். சாயங்காலம் தறியை விட்டு இறங்கியதும் அவளிடம் போய்ப் பர்மா பாஷை கற்றுக்கொள்கிறேன். நாக்கு புரளமாட்டேன் என்கிறது, விடுவதாக இல்லை. அடுத்த மந்திரி வரட்டும். நடுவில் ஒருத்தரும் வேண்டாம். "என் அண்ணி எங்கே?" என்று அவர் முகத்துக்கு நேரே அவர் பாஷையிலேயே கேட்பேன். இது உன்மேல் சத்தியம்.

உனக்குத் தங்கச்சி, அவளுக்கு நாத்தனார்,
கோவிந்தம்மாள்