போகச் சொல்லத் தெரியாதவர்

மச்சான்,

இன்று காலை நம் ஹோம்ஸ்டே வீட்டுக் கதவைத் திறந்ததுமே பூண்டுக் கஞ்சி வாசம் மூக்கில் ஏறியது. அந்த வீட்டில் எப்போதும் தரை துடைக்கிற மருந்து வாசம்தான் இருக்கும். ஈப்போவைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் மூன்று வேளையும் கடைகடையாகத் தேடிப் போய்ச் சாப்பிடுகிறார்கள். அடுப்பை யார் தொடுகிறார்கள்? "சமைக்காத வீட்டுக்கு எதுக்கு மச்சான் இத்தன சட்டி?" என்று நான் சலித்துக்கொண்டபோது, "வாரவங்களுக்குப் பசிச்சா என்ன செய்வாங்க லா?" என்று என்னையே திருப்பிக் கேட்டவர் நீங்கள். அந்தச் சட்டிகளில் ஒன்று இன்று அடுப்பில் இருந்தது. இதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

கஞ்சி வைத்தது பாகான் செராயிலிருந்து வந்திருக்கும் ஒரு சின்னப் பெண். அவளுடைய மூன்று வயது மகளுக்கு இங்கே பெரிய ஆஸ்பத்திரியில் ஆப்பரேஷன். புருஷன் ராத்திரியெல்லாம் பிள்ளையோடு இருக்கிறான், இவள் காலையில் கஞ்சியோடு போய் அவனை மாற்றிவிடுகிறாள். இரண்டு நாளைக்கு என்று வீட்டை எடுத்தவர்கள், பிள்ளைக்குக் காய்ச்சல் விடாததால் நீட்டிக்கொண்டே வந்தார்கள். ஆனால் இன்று மத்தியானம் கோலாலம்பூரிலிருந்து ஒரு கல்யாண கோஷ்டி வருகிறது. அவர்கள் எப்போதோ பேசி முடித்த தேதி. பள்ளி விடுமுறை வேறு, ஆஸ்பத்திரிப் பக்கம் ஓர் அறைகூடக் கிடைக்கவில்லை. பன்னிரண்டு மணிக்குள் அவளைக் கிளம்பச் சொல்ல வேண்டும். அதற்குத்தான் போயிருந்தேன்.

இந்த வேலைக்கு நீங்கள் லாயக்கில்லை என்பது வீடு வாங்கிய முதல் மாதமே எனக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு பேருடைய சேமநிதிப் பணத்தையும் போட்டு வாங்கிய வீடு. ஒரு குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டுவிடலாம் என்றீர்கள் நீங்கள். நாள் கணக்கில் விட்டால்தான் நாலு காசு பார்க்கலாம் என்றேன் நான். வங்கியில் அத்தனை வருஷம் குப்பை கொட்டியவன் பேச்சு எடுபட்டது. சாவி கொடுக்கிற வேலையை நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். வாசலில் எண் பூட்டுப் பெட்டி ஒன்று மாட்டிவிட்டால் வருகிறவர்களே சாவியை எடுத்துக்கொள்வார்கள் என்று எவ்வளவோ சொன்னேன். "பொட்டி வந்து வாங்கன்னு சொல்லுமா மாப்ளே?" என்று அந்தப் பேச்சையே ஒழித்துக்கட்டினீர்கள்.

வாங்க என்று சொல்வதில் உங்களை மிஞ்ச ஆளில்லை. போங்க என்று சொல்லத்தான் வாய் வராது. நேரம் தாண்டியும் உள்ளே தூங்குகிறவர்களை எழுப்பாமல், வாசல் செம்பருத்திக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நிற்பீர்கள். செடி அழுகாமல் இருந்ததே பெரிய விஷயம். 'தோட்டக்காரர் மிகவும் அன்பானவர்' என்று ஒரு சிங்கப்பூர்க் குடும்பம் கருத்து எழுதிவிட்டுப் போனதே, அதை அக்காவிடம் படித்துக் காட்டி நாள் முழுக்கச் சிரித்தீர்கள்.

இன்னொரு வழக்கமும் உங்களுக்கு உண்டு. சாவியைத் திரும்ப வாங்கப் போகும்போது கைக்கடிகாரத்தைக் கழற்றிக் காரிலேயே வைத்துவிடுவீர்கள். ஒருநாள் உங்களால் அடுத்த ஆட்கள் வெயிலில் காத்திருக்க வேண்டியதாகிவிட்டது. வழியெல்லாம் நான் பொரிந்து தள்ளினேன். சுங்கை சிப்புட் சாலையில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, இத்தனை வருஷம் சொல்லாததைச் சொன்னீர்கள்.

"ரப்பர் தோட்டம் கைமாறினப்ப எங்களைய லயத்து வீட்டக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. சாமானெல்லாம் லோரில ஏத்தியாச்சு. எங்கம்மா திரும்ப உள்ள போயி வீட்டக் கூட்டித் தொடைக்குது. மறுநாள் ஒடைக்கப் போற வீடு லா அது! கணக்கு எழுதுற கிராணி வாசல்ல நின்னுக்கிட்டுக் கடியாரத்தப் பாக்குறாரு. நல்ல மனுஷன்தான் மாப்ளே. பாக்காம இருந்திருக்கலாம்."

அதற்குப் பிறகு நேரத்தைப் பற்றி உங்களிடம் நான் வாய் திறந்ததில்லை. போகச் சொல்கிற வேலையை நானே எடுத்துக்கொண்டேன். எனக்கு அது பெரிய காரியமாகவும் இல்லை.

நீங்கள் கண்மூடிய பிறகு எண் பூட்டுப் பெட்டியை மாட்டிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்த வீட்டு வருமானத்தில் பாதி அக்காவுக்குப் போகிறது, அவள் யார் கையையும் எதிர்பார்க்காமல் இருக்கிறாள். ஆனால் தன் வீட்டில் உங்கள் அறையை மட்டும் பூட்டியே வைத்திருக்கிறாள். பெருக்குவதற்குப் போவாள், வெளியே வந்து மறுபடி பூட்டிவிடுவாள். போன தீபாவளிக்கு என் பிள்ளைகள் வந்தபோதுகூட அவர்களைக் கூடத்தில்தான் படுக்க வைத்தாள்.

இன்று காலை அந்தப் பெண்ணே பேச்சை எடுத்தாள். "தெரியும் அண்ணே, இன்னிக்குக் காலி பண்ணணும். தோ, கழுவி வச்சிட்டுப் போயிடுறேன்" என்று துடைப்பத்தைத் தேடினாள். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவள், வீட்டைக் கழுவ நிற்கிறாள். எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. வெளியே வந்து அக்காவைப் போனில் கூப்பிட்டேன். என்ன கேட்பது என்று எனக்கே தெரியவில்லை, விஷயத்தை மட்டும் சொன்னேன்.

"இங்க அழச்சிக்கிட்டு வா லா" என்றாள். "அவரு ரூம் சும்மாதான கெடக்கு."

நாங்கள் அக்கா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது உங்கள் அறை ஜன்னல்கள் திறந்திருந்தன. அக்கா புதுப் போர்வை விரித்துக்கொண்டிருந்தாள். அவள் கண் சிவந்திருந்தது, ஆனால் கை ஓயவில்லை. அந்தப் பெண் பையைத் தோளிலிருந்து இறக்காமல் வாசலிலேயே நின்றாள்.

"அண்ணே, இங்கேருந்து நாங்க எப்ப காலி பண்ணணும்?"

அந்தக் கேள்விக்கு வருஷக்கணக்காக மணி சொல்லிப் பழகியவன் நான், மச்சான். இன்று வாய் வரவில்லை. நீங்கள் பட்ட பாடு என்னவென்று இப்போதுதான் தெரிகிறது. இனி எனக்கும் அது வராது என்றே நினைக்கிறேன்.

"பைய உள்ள வைங்கம்மா" என்றேன். "பிள்ளைக்கு நேரமாவுது, போலாம்."